முடி உதிர்வு மாத்திரையை நிறுத்திய பின்னும் நீடிக்கும் பாலியல் பக்கவிளைவுகள்: என்ன செய்வது?

கேள்வி, 2025 ஜூன் 2

முன்நெற்றி ஏறத் தொடங்கியதால் ஒரு மில்லிகிராம் ஃபினாஸ்டெரைடு மாத்திரையை ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டேன். பாலுணர்வு நாட்டம் மெல்லக் குறைந்தது. விறைப்பு பாதியிலேயே தளர்ந்தது. விந்தின் அளவும் குறைந்ததாகத் தோன்றியது. மாத்திரையை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியும் நான் முழுமையாக மீளவில்லை. மருந்து எழுதித் தந்த தோல் மருத்துவர், "அது உடலை விட்டு எப்போதோ போய்விட்டது, எல்லாம் உங்கள் மனம்தான்" என்கிறார். இதே துன்பத்தில் இருக்கும் சிலரோ, "இனி ஆயுள் முழுக்க இப்படித்தான்" என்கிறார்கள். இரண்டில் எது உண்மை?

ஜூன் 3

இரண்டு தரப்புமே தங்களுக்குத் தெரிந்ததைவிடக் கூடுதலாகச் சொல்கின்றன. நானும் இதே மாத்திரையை எடுத்து, இதே காரணத்துக்காக நிறுத்தி, இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நெடுநாள் அல்லாடியவன்.

முதலில் உங்கள் மருத்துவரின் வாதத்தைப் பார்ப்போம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும், சுருக்கமாக டி.எச்.டி. எனப்படும், வீரியம் மிகுந்த ஹார்மோனாக மாற்றும் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதியின் இரண்டாம் வகையைத்தான் இந்த மருந்து தடுக்கிறது. அதனால் இரத்தத்தில் டி.எச்.டி. மூன்றில் இரண்டு பங்குக்குமேல் குறைந்துவிடுகிறது. மருந்தின் அரை ஆயுள், அதாவது உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஐந்தாறு மணிதான். நிறுத்திய இரண்டு வாரங்களில் டி.எச்.டி. பழைய அளவுக்குத் திரும்பிவிடும். ஆகவே "மருந்து போய்விட்டது" என்று அவர் சொன்னது சரி. ஆனால் "ஆகவே எல்லாம் மனம்தான்" என்பது அதிலிருந்து கிடைக்கும் முடிவு இல்லை. மருந்து வெளியேறிவிட்டதும் அது விட்டுச்சென்ற விளைவு நீங்கிவிட்டதும் ஒன்றாக இருந்தே தீரவேண்டும் என்று உடலியலில் விதி எதுவும் கிடையாது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011இல் இந்த மாத்திரையின் விவரத்தாளில், நிறுத்திய பிறகும் விறைப்புக் குறைபாடு தொடர்ந்ததாக வந்த புகார்களைச் சேர்த்தது. 2012இல் நாட்டக் குறைவு, விந்து வெளியேற்றக் கோளாறு, உச்சநிலைக் கோளாறு ஆகியவற்றையும் சேர்த்தது. சுவீடனும் பிரிட்டனும் அதற்கு முன்பே இத்தகைய எச்சரிக்கையை வெளியிட்டிருந்தன. இப்படிப் பதிவாகியிருக்கும் ஒன்றை மனப்பிரமை என்று ஒரே சொல்லில் தள்ளுவது, மருந்துடன் வரும் தாளையே படிக்காத பேச்சு. அதே தாளில் "ஆயுள் முழுக்க" என்ற சொல்லும் எங்கும் இல்லை என்பதை மற்றத் தரப்பும் கவனிக்கவேண்டும்.

ஜூன் 3, இரவு

மேலே எழுதியதில் விடுபட்ட ஒன்று. இந்த மருந்து வழுக்கைக்காகப் பிறந்ததன்று. 1992இல், ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் அளவில் ஒப்புதல் பெற்றது. 1 மில்லிகிராம் அளவில் ஆண்களின் முடி உதிர்வுக்கு 1997இல்தான் ஒப்புதல் வந்தது. அதற்கான கருத்து இன்னும் பழையது. டொமினிகன் குடியரசின் ஒரு சிற்றூரில், மேற்சொன்ன நொதி பிறவியிலேயே குறைவாக இருந்த குடும்பங்களைப் பற்றி 1974இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களுள் ஆண்களாக வளர்ந்தவர்களுக்குப் புராஸ்டேட் சிறிதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. இதைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அந்த நொதி தலைமுடிக்கு மட்டும் உரியது என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். அது புராஸ்டேட்டிலும், பிறப்புறுப்புத் தோலிலும், மூளையிலும் வேலை செய்கிறது.

ஜூன் 7

"மருந்து ஆய்வுகளில் நூற்றில் இரண்டு பேருக்குக்கூடப் பாதிப்பு இல்லையாமே, அப்படியிருக்க இத்தனை பேர் எப்படிப் புலம்புகிறார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்விதான். ஒப்புதலுக்கான ஆய்வுகளில் நாட்டக் குறைவு மாத்திரை எடுத்தவர்களில் 1.8 விழுக்காட்டினருக்கும், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 1.3 விழுக்காட்டினருக்கும் இருந்தது. விறைப்புக் குறைபாடு 1.3, 0.7 விழுக்காடு. வேறுபாடு சிறிதுதான். ஆனால் அவை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த காலத்தைப் பற்றிய எண்கள். நிறுத்திய பிறகு எவருக்கு எவ்வளவு காலம் நீடிக்கிறது என்ற கேள்விக்கு அவற்றில் விடை தேடுவது பொருந்தாது.

இன்னொருவர் இத்தாலியில் 2007இல் வெளியான ஆய்வைக் காட்டி, "எதிர்பார்ப்பே நோயை வரவழைக்கிறது என்று நிரூபித்துவிட்டார்கள்" என்கிறார். அந்த ஆய்வை நான் மறுக்கவில்லை. புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் எடுத்தவர்களில், பாலியல் பக்கவிளைவு வரலாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டோரில் 43.6 விழுக்காட்டினரும், சொல்லப்படாதோரில் 15.3 விழுக்காட்டினரும் அத்தகைய பாதிப்பைத் தெரிவித்தனர். அச்சத்துக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆயினும் எதுவுமே சொல்லப்படாதவர்களிலும் 15.3 விழுக்காட்டினர் இருந்தார்கள் என்பதை அந்த ஆய்வை எடுத்துக்காட்டுவோர் விரைந்து கடந்துவிடுகிறார்கள்.

மறுபக்கத்துக்கும் இதே கண்டிப்பு வேண்டும். நீடித்த பாதிப்புடைய 71 ஆண்களிடம் நேர்காணல் செய்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், பாதிப்பு சராசரியாக 40 மாதங்கள் நீடித்திருந்தது. இந்த எண்ணைப் படித்த இரவில் நான் தூங்கவில்லை. பிறகுதான் நிதானமாக யோசித்தேன்: பாதிப்பு நீடித்தவர்களை மட்டுமே தேடிச் சேர்த்த ஆய்வு அது, சில வாரங்களில் சரியாகிப்போனவர்கள் அந்தக் கணக்கில் வரவே வழியில்லை. ஆகவே அது "இப்படியும் நேர்கிறது" என்று காட்டுகிறதே தவிர, "உங்களுக்கும் இத்தனை மாதம்" என்று நாள் குறித்துத் தரவில்லை.

ஜூன் 12

பரிசோதனைகளைப் பற்றிப் பலர் கேட்டிருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

என் கருத்து இது: மாத்திரைதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறவர்களும்கூட, மாத்திரையே எடுக்காத ஒருவர் இதே குறையுடன் வந்தால் ஒரு நல்ல மருத்துவர் எதையெல்லாம் பார்ப்பாரோ, அதையெல்லாம் பார்க்கச் செய்யவேண்டும். காலையில் எடுத்த இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் (காலையில் உச்சத்தில் இருந்து மாலையில் குறைவது அதன் இயல்பு, குறைவாக வந்தால் வேறொரு நாளில் மீண்டும் பார்த்த பிறகே முடிவு செய்வார்கள்), புரோலாக்டின் என்னும் ஹார்மோன், தைராய்டு, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, இரத்த அழுத்தம். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் நாட்டத்தையும் உச்சநிலையையும் குறைக்கும். புகை, மது, தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. விறைப்புக் குறைபாடு இதய நோய்க்குச் சில ஆண்டுகள் முன்னதாக வரும் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆண்குறியின் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகியவை என்பதால் அடைப்பு அங்கே முதலில் தெரிகிறது. முடி மாத்திரையின்மேல் பழியைப் போட்டுவிட்டு, ஏறிக்கொண்டிருக்கும் சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு எல்லாம் சரியாகவே வந்தன. அறிக்கையைக் கையில் வாங்கியபோது மகிழ்ச்சிக்குப் பதிலாக எரிச்சல்தான் வந்தது. குறை இருப்பதாகக் காகிதத்தில் வந்திருந்தால் அதைக் காட்டியாவது நான் சொல்வது பொய்யில்லை என்று நிறுவியிருக்கலாம் அல்லவா? இந்த எரிச்சல் எனக்கு மட்டும் உரியதன்று. நீடித்த பாதிப்புடையவர்களைப் பற்றி 2016இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்களின் ஆண் ஹார்மோன் அளவுகளில் குறைபாடு தென்படவில்லை. ஆனால் பாலுணர்வைத் தூண்டும் படங்களைப் பார்க்கும்போதும் மனச்சோர்வு தொடர்பாகவும் மூளைச் செயற்பாட்டில் வேறுபாடுகள் தென்பட்டன. இரத்த அறிக்கை சரியாக இருப்பதால் துன்பம் பொய் என்று ஆகிவிடாது. சர்க்கரையும் தைராய்டும் காரணம் அல்ல என்று தெரிந்துகொண்டதும் ஒரு லாபம்தான். இந்த இரண்டையும் சேர்த்து ஏற்க எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

ஜூன் 13

மேலே உள்ளதைப் படித்துவிட்டு, "அப்படியானால் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளலாமா?" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். அளவு சரியாக இருக்கும்போது வெளியிலிருந்து செலுத்தினால், உடல் தன் சொந்த உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். விந்தணுக்களின் எண்ணிக்கை சரியும். குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது விளையாட்டன்று. மூலிகைப் பொடிகளிலும் எச்சரிக்கை வேண்டும். முடிக்கென்று விற்கப்படும், சா பல்மெட்டோ என்னும் குறும்பனையின் சாறும் இதே நொதியைத் தடுப்பதாகச் சொல்லித்தான் விற்கப்படுகிறது. "ஆண்மைக்கு" என்று விற்கப்படும் பொடிகள் சிலவற்றிலோ, விறைப்புக் குறைபாட்டுக்கான சில்டெனாஃபில் என்னும் மருந்து சொல்லாமல் கலக்கப்பட்டிருந்தது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வேர் வேலை செய்கிறது என்று நாம் வியந்துகொண்டிருப்போம். உள்ளே வேலை செய்வது வேறொருவராக இருப்பார்.

ஜூன் 21

விறைப்புக் குறைபாட்டுக்குத் தரப்படும் சில்டெனாஃபில், தடாலாஃபில் மாத்திரைகளைப் பற்றி. இவற்றை எடுத்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகும் என்று ஒருவர் எழுதியிருந்தார். கண்ணாடி அணிபவரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இம்மாத்திரைகள் இரத்த ஓட்டத்துக்கு உதவுகின்றன. கிளர்ச்சி இருந்தால்தான் வேலை செய்யும், நாட்டத்தை அவை தருவதில்லை. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் வகை மருந்து எடுப்பவர்கள் இவற்றைத் தொடவே கூடாது, இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். ஆகவே மருத்துவர் எழுதித் தந்த பிறகே எடுக்கவேண்டும். என் அனுபவத்தில் தடாலாஃபில் விறைப்புக்கு நன்றாகவே உதவியது. ஆனால் முதல் சில முறை, உடல் ஒத்துழைத்தும் மனம் எங்கோ நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. மகிழ்ச்சி மங்கலாகவே இருந்தது. மாத்திரை பயனற்றது என்று அப்போது ஒதுக்கத் தோன்றியது. இப்போது யோசிக்கும்போது, "இன்று நடக்குமா நடக்காதா" என்ற ஒரு கவலையை அது எடுத்துவிட்டதே, மற்றவை மெல்ல வருவதற்கு இடம் தந்தது என்று நினைக்கிறேன். நாட்டத்துக்கும் உணர்ச்சிக் குறைவுக்கும் இதுதான் மருந்து என்று நிறுவப்பட்ட ஒன்று இன்றுவரை இல்லை. "என்னிடம் உறுதியான சிகிச்சை இருக்கிறது" என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஜூன் 29

இன்று எழுதப்போவதைத்தான் நான் முதலிலேயே எழுதியிருக்கவேண்டும் என்று தோன்றுகிறது, ஆனால் முதலில் எழுதியிருந்தால் "இவரும் மனம்தான் என்கிறார்" என்று நீங்கள் படிப்பதை நிறுத்தியிருப்பீர்கள்.

பாதிப்பு எந்தக் காரணத்தால் தொடங்கியிருந்தாலும், அதன்மேல் இன்னொரு பாதிப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது கண்காணிப்பு. விழித்தவுடன் சோதிப்பது, குளிக்கும்போது சோதிப்பது, கிளர்ச்சியூட்டும் படத்தைப் போட்டு நேற்றைய நிலையுடன் ஒப்பிடுவது, முடிவை மதிப்பெண்ணாகக் குறித்துவைப்பது. நட்ட விதையை நாள்தோறும் தோண்டிப் பார்ப்பதைப் போன்ற வேலை அது, ஆனாலும் அதைச் செய்துகொண்டிருக்கும்போது மிகப் பொறுப்பான காரியம் செய்வதாகவே தோன்றும். பதற்றம் கூடும்போது சுரக்கும் அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், சோதனையே சோதனையின் முடிவைக் கெடுத்துவிடுகிறது. நான் குறிப்பேட்டை மூடிவைத்த பிறகு மறுநாளே எல்லாம் மலர்ந்துவிட்டது என்று கதை சொல்லப்போவதில்லை. சில வாரங்கள் எதுவும் மாறவில்லை. ஆனால் நாளின் பெரும்பகுதி எனக்குத் திரும்பக் கிடைத்தது.

மனைவியிடம் பேசியபோது, அவர் இத்தனை காலமும் என் விலகலுக்குத் தாமே காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. "உங்களுக்கு என்மேல் வெறுப்பு என்று நினைத்தேன், உடம்புக்கு முடியவில்லை என்றால் அதைச் சொல்வதற்கென்ன?" என்றார். பிறகு பாலியல் நல ஆலோசகர் ஒருவரிடம் இருவரும் சென்றோம். அவர் தந்தது, மாஸ்டர்ஸ், ஜான்சன் என்னும் அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் இருவரும் 1970இல் விளக்கிய தொடுகைப் பயிற்சி: சில வாரங்களுக்கு உடலுறவு கூடாது என்று ஒப்புக்கொண்டு, பிறப்புறுப்பைத் தவிர்த்து ஒருவரை ஒருவர் தொடுவதில் தொடங்கி, அடுத்தடுத்த கட்டங்களுக்கு மெல்லச் செல்வது. விறைப்பு வந்தாலும் பொருட்படுத்தக்கூடாது, வராவிட்டாலும் பொருட்படுத்தக்கூடாது. முதலில் எனக்கு இது நகைப்பாக இருந்தது. பள்ளிக்கூட வீட்டுப்பாடம் போல இருவரும் நேரம் குறித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆனால் தேர்வே இல்லாத பாடம் என்பதால், நான் பதற்றமின்றி அவர் அருகில் இருக்க முடிந்தது.

ஜூலை 1

முடி என்னவாயிற்று என்று கேட்டவருக்கு: போயிற்று. மருந்தை நிறுத்தினால் அதனால் கிடைத்த பலன் ஓராண்டுக்குள் மறைந்துவிடும் என்று விவரத்தாளிலேயே இருக்கிறது; இந்த ஒன்றில் மட்டும் என் உடல் விவரத்தாளுக்குக் கட்டுப்பட்டு நடந்தது. முடி உதிர்வுக்கான இன்னொரு மருந்தான மினாக்சிடில் டி.எச்.டி.யைக் குறைக்கும் வகையைச் சேர்ந்ததன்று, ஆகவே விரும்புவோர் அதை மருத்துவரிடம் கேட்கலாம். நான் மழித்துக்கொண்டேன். மனைவிக்குப் பிடித்திருக்கிறது.

ஜூலை 10

ஒரு நண்பர், "விடியற்காலை விறைப்பு இருந்தால் உடலில் குறையில்லை, இல்லாவிட்டால் நரம்பு போய்விட்டது" என்று உறுதியாக எழுதியிருக்கிறார். முதல் பாதியில் உண்மை பெருமளவு உண்டு. தூக்கத்தில், கனவு காணும் கட்டத்தில் தானாக வரும் விறைப்பு நன்றாக இருந்தால், இரத்தக் குழாய்களும் நரம்புகளும் வேலை செய்கின்றன என்று பொருள். இரண்டாம் பாதியை அப்படியே ஏற்க முடியாது. தூக்கம் கெட்டாலோ, மனச்சோர்வு இருந்தாலோ, கனவுக் கட்டம் முடிந்த பிறகு விழித்தாலோ அது தெரியாமல் போகலாம். இந்தக் கவலையால் இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு விடியலில் விறைப்பைத் தேடுவது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஜூலை 18

இதைச் சற்றுக் கனத்த மனத்துடன் எழுதுகிறேன். கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில், வாழ்வதிலேயே பிடிப்பு குறைந்துவருவதாகத் தெரிவித்திருந்தார். அவர் இசைவுடன் இங்கே பதில் சொல்கிறேன், ஏனெனில் வேறு யாரேனும் இதே நிலையில் வாய்திறக்காமல் படித்துக்கொண்டிருக்கலாம்.

இந்த மருந்துடன் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தொடர்புபடுத்தப்பட்டிருப்பது வதந்தி இல்லை. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2022இல் வழுக்கைக்கான மாத்திரையின் விவரத்தாளில் தற்கொலை எண்ணத்தைச் சேர்த்தது. பிரிட்டன் 2024இல் நோயாளிகளுக்கான எச்சரிக்கை அட்டையை அறிமுகப்படுத்தியது. ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு இந்த ஆண்டு மே மாதத்தில், ஃபினாஸ்டெரைடு மாத்திரைகளின் பக்கவிளைவுகளில் ஒன்றாகத் தற்கொலை எண்ணத்தை உறுதிசெய்தது. இதற்கான வழி ஒன்றும் ஊகிக்கப்படுகிறது: இதே நொதிக் குடும்பம்தான் மூளையில் அல்லோபிரெக்னனோலோன் என்னும், மனத்தை அமைதிப்படுத்தும் பொருளின் உருவாக்கத்துக்கும் துணைநிற்கிறது. அந்தப் பொருளையே மருந்தாக்கி, பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் தந்தார்கள் என்பதிலிருந்து அதன் முக்கியத்துவத்தை ஊகிக்கலாம்.

நான் இதையெல்லாம் அடுக்குவது உங்களை அச்சுறுத்த அன்று. அந்த எண்ணம் உங்கள் குணத்தின் குறை இல்லை. சிகிச்சைக்குரிய அறிகுறி அது. இன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள், எண்ணம் திட்டமாக மாறுவதாகத் தோன்றினால் தனியாக இருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள், அல்லது தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். மனச்சோர்வுக்கு மருந்து தேவைப்பட்டால், பாலியல் செயல்பாட்டைக் குறைவாகப் பாதிக்கும் வகை எது என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அது கேட்கக்கூடாத கேள்வி இல்லை.

ஜூலை 19

பதில் வந்தது. தம் அண்ணனிடம் சொல்லிவிட்டாராம், அடுத்த வாரத்துக்கு மருத்துவரின் நேரமும் பெற்றிருக்கிறார். அவரை நச்சரிக்காதீர்கள்.

ஆகஸ்ட் 4

பேச்சு இப்போது, "ஃபினாஸ்டெரைடு மாத்திரைக்குப் பதில் டூட்டாஸ்டெரைடு எடுக்கலாமா, தலையில் பூசும் ஃபினாஸ்டெரைடு திரவம் பாதுகாப்பா?" என்ற பக்கம் போயிருக்கிறது. டூட்டாஸ்டெரைடு நொதியின் இரண்டு வகைகளையும் தடுக்கிறது, டி.எச்.டி.யை 90 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கிறது, அதன் அரை ஆயுள் ஐந்து வாரங்கள். ஃபினாஸ்டெரைடில் அடிபட்டவர் அதற்கு மாறுவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. பூச்சில் இரத்தத்துக்குள் செல்வது குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. மருந்தகங்கள் தாமே கலந்து தரும் பூச்சுகளைப் பற்றியும் இந்த ஏப்ரலில் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது, நீடிக்கும் விறைப்புக் குறைபாட்டுப் புகார்கள் அதிலும் இருந்தன.

ஆகஸ்ட் 16

"இப்போது நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். விறைப்பு பெரும்பாலும் மாத்திரையின்றியே போதுமானதாக இருக்கிறது, சில நாள் இல்லை. நாட்டம் முன்பிருந்ததைவிடக் குறைவு. வயதும் கூடியிருக்கிறது, எந்தப் பங்கு எதனுடையது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மருந்துதான் காரணமா என்று கேட்டால் ஆம் என்றே நினைக்கிறேன். நீதிமன்றத்தில் நிரூபிக்கச் சொன்னால் முடியாது. அந்த வழக்கு முடியும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்பதைத்தான் இத்தனை குறிப்புகளிலும் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 17

கடைசியாகக் கேட்கப்பட்டது: புகாரைப் பதிவு செய்வது எப்படி? பெரும்பாலான நாடுகளில் மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் நோயாளியே நேரடியாகப் பக்கவிளைவைத் தெரிவிக்கலாம். மருந்தின் பெயர், அளவு, முடிந்தால் அட்டையில் உள்ள தொகுதி எண், தொடங்கிய மாதம், நிறுத்திய மாதம், அறிகுறி எப்போது வந்தது, இப்போது எப்படி இருக்கிறது, வேறு என்ன மருந்துகள் எடுத்தீர்கள் ஆகியவற்றை எழுதுங்கள். "வாழ்க்கை பாழாயிற்று" என்று எழுதினால் பதிவாளருக்கு அதை எங்கே நிரப்புவது என்று தெரியாது. "மாத்திரையை நிறுத்திய பின்னும் விறைப்புக் குறைபாடு தொடர்கிறது" என்று எழுதினால் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. இதே தாளின் படியைச் சிறுநீரக மருத்துவரிடமும் கொடுங்கள். ஐம்பதைக் கடந்து இன்னும் இந்த மாத்திரையைத் தொடர்பவர்கள், அது பி.எஸ்.ஏ. என்னும், புராஸ்டேட் நோயைக் கண்டறிய இரத்தத்தில் பார்க்கும் அளவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், புராஸ்டேட் பரிசோதனைக்கு முன் இதைக் கட்டாயம் சொல்லவேண்டும்.